பன்னாட்டு வங்கியியல் முதுநிலைப் படிப்புக்காக வண்ணாரப்பேட்டை வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: பழைய வண்ணை வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவள். பி.காம். முடித்து, கடந்த மூன்று ஆண்டுகளாகத் தம்புச்செட்டித் தெருவில் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துத்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) ஆகியவற்றை எல்.சி.யோடு (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக இறக்குமதியாளரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஒப்பிட்டுச் சரிபார்த்து, கட்டாகக் கட்டி, ஏற்றுமதியாளரின் வங்கியில் கொண்டுபோய்க் கொடுப்பது வரை என் பொறுப்பு. கவுன்டருக்கு அந்தப் பக்கம் அந்தக் காகிதங்களுக்கு என்ன நடக்கிறது, ஓர் எழுத்துப் பிழைக்காகப் பணம் ஏன் இரண்டு வாரம் நிற்கிறது, அன்றைய டாலர் விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விகள் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே என்னை விடவில்லை. அதனால்தான் இங்கிலாந்தில் பன்னாட்டு வங்கியியல், நிதியியல் என்ற பெயரில் ஓராண்டு முதுநிலைப் பட்டம் படிக்க விரும்புகிறேன். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது.

கட்டணம், தங்குமிடம், விசா, பயணம் என்று கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய் ஆகிறது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் இருப்பது நாங்கள் குடியிருக்கும் வீடு ஒன்றுதான்; பத்திரம் இன்னும் மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. அப்பா எதையும் யோசிக்காமல் “வைத்துவிடலாம்” என்கிறார்; எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்தப் பட்டத்துக்கு வங்கிகளில் தனி மதிப்பு உண்டா, கல்லூரியில் படித்த வணிகக் கணிதத்தைத் தாண்டி எதுவும் தெரியாத என்னால் இந்தப் படிப்பைச் சமாளிக்க முடியுமா, வீட்டை வைத்துக் கடன் வாங்குவது நியாயமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ராயபுரம் ஓய்வூதியர்

அம்மா, பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, அவற்றில் பாதிக்கு மேல் ராஜாஜி சாலையில் அந்நியச் செலாவணிப் பிரிவில் கழித்தவன் நான். உங்களைப் போன்றவர்கள் கொண்டுவந்த கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஆகவே கவுன்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காக நீங்கள் 35 லட்சம் செலவு செய்ய வேண்டியதில்லை.

எல்.சி. வேலை முழுவதும் பன்னாட்டு வணிகச் சபை வகுத்த யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பின்படி நடக்கிறது. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அதில் மொத்தம் 39 விதிகள்; ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் படித்து முடித்துவிடலாம், புரிந்துகொள்ளத்தான் சில ஆண்டுகள் ஆகும். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணத்தை மட்டுமே பார்க்கிறது என்பது அதன் ஐந்தாவது விதி. ஆவணங்கள் வந்த நாளுக்கு அடுத்து ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள் அவை சரியா இல்லையா என்று வங்கி முடிவு செய்தாக வேண்டும். எழுத்துப் பிழை எல்லாமே பணத்தை மறுக்கத்தக்க குறையாகிவிடாது. ‘மெஷின்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பொருள் மாறுவதில்லை, ஆகவே அது குறையல்ல. மாடல் 321 என்று இருக்க வேண்டிய இடத்தில் 123 என்று இருந்தால் அது வேறு பொருளாகிவிடக்கூடும், ஆகவே குறை. டாலர் விலையைப் பொறுத்தவரை, வங்கிக்காக நாணயங்களை வாங்கி விற்கும் டீலிங் ரூம், பெரும்பாலும் மும்பையில் இருப்பது, வங்கிகளுக்கு இடையிலான சந்தையைப் பார்த்துக் காலையில் கிளைகளுக்குக் கார்டு ரேட், அதாவது அன்றைய விலைப் பட்டியல், அனுப்பும். பெரிய தொகையாக இருந்தால் கிளையிலிருந்து தொலைபேசியில் தனி விலை கேட்டு வாங்குவோம்.

இனி பட்டத்துக்கு வருகிறேன். பொதுத்துறை வங்கியில் அதிகாரியாகச் சேர ஐ.பி.பி.எஸ். தேர்வுக்கு ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் போதும். வெளிநாட்டு முதுநிலைப் பட்டத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டும் பட்டியல் இனத்தவருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. உள்ளே நுழைந்த பிறகு வங்கி ஊழியர்களுக்கென்றே உள்ள ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை எழுதிவிட்டு, அந்நியச் செலாவணிப் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலர் அந்த மேசையைக் கண்டு ஒதுங்குவார்கள், அதுவே உங்களுக்கு வசதி.

நம் ஊரில் இது புதிய தொழிலும் அல்ல. 1906இல் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி மக்களின் சேமிப்பு போன பிறகு, மறு ஆண்டே இந்தியன் வங்கி பாரிமுனையில் தொடங்கியது. 1932இல் கொழும்பில் கிளை திறந்தது. அந்நியச் செலாவணி வணிகத்துக்காகவே சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் லண்டன் பட்டத்தோடு வந்தவர்கள் அல்லர்.

பதில் 2: பெரம்பூர் அக்கா

ஐயா சொல்வது பொதுத்துறை வங்கிக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் சென்னையில் வங்கி வேலை என்றால் அது மட்டும்தான் என்ற நிலை மாறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி 2001இலேயே தன் பல நாட்டுக் கிளைகளின் வேலையைச் செய்ய இங்கே மையம் திறந்தது. இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள கிளைகளுக்கு வரும் எல்.சி. ஆவணங்களைச் சென்னையில் உட்கார்ந்து சரிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு மையத்தில்தான் நானும் வேலை பார்க்கிறேன். தங்கை கேட்கும் அதே பெயருள்ள பட்டத்தை இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவளும்கூட.

தங்கையிடம் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் படிப்பு பதில் சொல்லாது. ‘பன்னாட்டு வங்கியியல்’ என்ற பெயரைப் பார்த்து எல்.சி., பில், கப்பல் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் போனேன். எங்களுக்கு முதல் பருவத்தில் வைத்தது எக்கோனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல்), நிறுவன நிதி, பன்னாட்டு நிதி, இரண்டாம் பருவத்தில் டெரிவேட்டிவ்ஸ் (வேறொன்றின் விலையைச் சார்ந்த நிதி ஒப்பந்தங்கள்), வங்கி இடர் மேலாண்மை, ஒழுங்குமுறை, கோடையில் ஆய்வேடு. எல்.சி. போன்றவை வரும் வணிக நிதிக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வாரம். ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பாடப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.

அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்லமாட்டேன். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, அதற்கு மார்க் நாணயத்தைப் பகலிலேயே கொடுத்துவிட்ட வங்கிகள், நியூயார்க்கில் அதற்கு ஈடாக வர வேண்டிய டாலருக்குக் காத்திருந்தன. அங்கே அப்போது இன்னும் காலை வேளைதான், டாலர் வரவே இல்லை. அந்த நேர இடைவெளியில் ஒளிந்திருந்த ஆபத்தைக் கண்டு பயந்துதான் அதே ஆண்டு இறுதியில் வங்கிக் கண்காணிப்புக்கான பன்னாட்டுப் பாசல் குழுவை அமைத்தார்கள் என்று பேராசிரியர் விளக்கிய நாளில், நான் தினமும் பார்த்த பணப் பரிமாற்றம் வேறாகத் தெரிந்தது. இந்தப் பார்வை இடர் மேலாண்மை, டிரெஷரி (வங்கியின் சொந்தப் பணத்தையும் நாணயங்களையும் கையாளும் பிரிவு) பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படும். ஆவண மேசைக்கு அதிகம் பயன்படாது.

கணிதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், ஆனால் தயாராகாமல் போகவும் வேண்டாம். ஒரு மாதிரி சொல்கிறேன். கணக்குக்காக இன்று டாலர் 80 ரூபாய், ஓராண்டு வட்டி இந்தியாவில் 6 சதவீதம், அமெரிக்காவில் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டு ஃபார்வர்டு விலை (ஓராண்டு கழித்து வாங்கவோ விற்கவோ இன்றே பேசிக்கொள்ளும் விலை) 80ஐ 1.06ஆல் பெருக்கி 1.04ஆல் வகுத்து வருவது, அதாவது 81 ரூபாய் 54 காசு. ஏன் இப்படி என்று உங்கள் சொந்த வார்த்தையில் விளக்க முடிந்தால் பன்னாட்டு நிதிப் பாடத்தின் முதல் மாதம் உங்களுக்கு எளிது. என்னைத் தடுக்கி விழவைத்தது புள்ளியியலில் வரும் ரிக்ரெஷன்தான் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று தரவிலிருந்து கணிக்கும் முறை). புள்ளியியலை இங்கேயே ஆறு மாதம் படித்துவிட்டுப் போங்கள்.

வேலை விஷயத்தில், எனக்கு வழிகாட்டிய கன்சல்டன்சி “படித்து முடித்ததும் லண்டனில் வேலை” என்றது; நான் அனுப்பிய விண்ணப்பங்களில் நேர்காணல் வரை போனவை மூன்று. இப்போது விதிகள் இன்னும் இறுகிவிட்டன. படிப்புக்குப் பிறகு தங்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதன் பின் வேலை விசாவுக்கு மாற ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண்டு இருக்க வேண்டும், புதிதாகப் படித்து வருபவர்களுக்கு 33,400. சென்னைக்குத் திரும்பிவந்து சென்னைச் சம்பளத்தில் கடனை அடைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியும் என்றால் மட்டும் போங்கள்.

ஆவண மேசைதான் உங்கள் விருப்பம் என்றால், சி.டி.சி.எஸ். என்று எல்.சி. வேலைக்கென்றே ஒரு பன்னாட்டுத் தேர்வு இருக்கிறது. உங்கள் மூன்று ஆண்டு அனுபவத்தோடு அதுவும் சேர்ந்தால் எங்களைப் போன்ற மையங்களில் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

பதில் 3: கொருக்குப்பேட்டை

வங்கியில் கல்விக்கடன் பிரிவில் இருக்கிறேன். படிப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கடனை மட்டும் சொல்கிறேன்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்து ஈடு தேவை. வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதத்தை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். 35 லட்சத்துக்கு அது ஐந்தேகால் லட்சம். மீதி 29.75 லட்சம், வட்டி 10 சதவீதம், முழுத் தொகையும் ஒரே தவணையில் வழங்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு ஆண்டு வட்டியையும் கட்டாமல் அசலோடு சேரவிட்டால், பிறகு பத்து ஆண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 47,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 24,800 ரூபாய் வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் தவணை 39,300க்கு இறங்கும். வட்டிக்கு எட்டு ஆண்டு வருமான வரிச்சலுகை உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான்.

வீட்டு விஷயம் இதைவிடச் சிக்கலானது. தாத்தாவின் பெயரில் பத்திரம் இருக்கும்வரை அப்பா தனியாக அதை ஈடு வைக்க முடியாது. தாத்தா உயில் எழுதாமல் காலமானவர் என்றால், அத்தைகள் இருந்தால் அவர்களுக்கும் அப்பாவுக்கு இணையான பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் எங்கள் வழக்கறிஞர் கேட்பார். அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கத்தில் கடன் விண்ணப்பங்கள் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செப்டம்பர் சேர்க்கைக்கு ஜூலையில் வந்து நிற்பவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடிவதில்லை. விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பழைய வண்ணை வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மூன்று பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மாதம் 47,000 என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, மறுபடியும் படிக்கச் சொன்னார். அக்கா சொன்னபடி பாடப் பட்டியலைப் பார்த்தேன். வணிக நிதி என்ற சொல் ஒரு விருப்பப் பாடத்தின் விளக்கத்தில் மட்டும் வருகிறது. ஆகவே அனுமதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்குள் சி.டி.சி.எஸ். தேர்வையும் ஐ.பி.பி.எஸ். தேர்வையும் எழுதப் போகிறேன். பெரிய அத்தை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். திருவொற்றியூரில் இருக்கும் சின்ன அத்தையிடம் அப்பா இன்னும் பேசவில்லை.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். சென்ற வாரம் ஓர் எல்.சி.யின் கடைசி நாள் இரண்டாம் சனிக்கிழமையில் வந்தது. வங்கி விடுமுறை என்பதால் திங்கட்கிழமை ஆவணங்களைக் கொடுத்தோம். இதைக் காலதாமதம் என்று வெளிநாட்டு வங்கி திருப்பி அனுப்ப முடியுமா?

ராயபுரம் ஓய்வூதியர்

முடியாது அம்மா. வங்கி வழக்கமான விடுமுறைக்காக மூடியிருந்தால், ஆவணம் கொடுக்கும் கடைசி நாள் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். யு.சி.பி. 600இன் 29ஆம் விதியைப் பாருங்கள். ஆனால் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசி நாள் அப்படித் தள்ளிப்போகாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: நீட்டிக்கப்பட்ட காலத்துக்குள் ஆவணங்கள் பெறப்பட்டன என்று உங்கள் வங்கி ஆவணங்களோடு அனுப்பும் தன் கவரிங் ஷெட்யூல் என்ற முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். நாளைக் காலையில் கிளைக்குப் போய் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.