பால் சேராதவர் வீட்டுச் சமையல்: அனுபவப் பகிர்வு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

தயிர்ச்சோறு இல்லாமல் சாப்பாடு முடியாதவர்களுக்கு வேர்க்கடலைத் தயிர்தான் சரி. பச்சை வேர்க்கடலை 1 டம்ளர், 8 மணி நேரம் ஊறட்டும். தோலைத் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் துவர்க்கும். 3 டம்ளர் தண்ணீர் விட்டு மைய அரைத்து வெள்ளைத்துணியில் பிழிந்து, அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் வாடை கடைசிவரை போகாது.

பலரும் கோட்டை விடுவது உறையில்தான். வீட்டில் இருக்கிற மாட்டுத்தயிரை ஒரு ஸ்பூன் விட்டால் அதோடு பாலும் உள்ளே வந்துவிடும். விரல் பொறுக்கும் சூட்டில் 6, 7 பச்சைமிளகாய்க் காம்பைப் பச்சைத் தொப்பியோடு போட்டு மூடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு 8 முதல் 10 மணி நேரம். முதல் தயிர் தளரத்தான் இருக்கும், கடலை வாடையும் அடிக்கும். அதை உறைக்கு மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பாலில் ஒரு ஸ்பூன் விட்டால் கெட்டியாகும். மேலே இளஞ்சிவப்பாகப் படர்ந்தாலோ நூல் விட்டாலோ கொட்டிவிடுங்கள்.

கடலூர் முதுநகர்:

அந்தத் தயிரில் மோர்க்குழம்பும் வைக்கலாம். அரைத்த தேங்காய், துவரம்பருப்பு, அரிசி விழுதைத் தனியாகக் கொதிக்கவிட்டு, பச்சை வாசம் போனபின் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தயிரை ஊற்ற வேண்டும். தேங்காய்ப்பாலுக்கும் இதே கதைதான். இரண்டாம் பால் கொதிக்கலாம், முதல் பால் கொதித்தால் திரியும். பருப்புப் பாயசத்தில் வெல்லப்பாகை வடிகட்டிப் பருப்போடு கொதிக்கவிட்டு, இறக்கிச் சூடு தணிந்தபின் முதல் பால். கொதிக்கிற வெல்லத்தில் ஊற்றிவிட்டுப் பாலைக் குறை சொல்லிப் பயனில்லை.

டீக்குத் தேங்காய்ப்பால் எனக்குப் பிடிக்காது, எண்ணெய் மிதக்கும். பண்ருட்டி முந்திரியில் உடைசல் வாங்கினால் போதும், முழுப்பருப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம். 15 பருப்பு அளவுக்கு எடுத்து வெந்நீரில் அரை மணி ஊறவைத்து 150 மில்லி தண்ணீரில் அரையுங்கள். டிகாஷன் கெட்டியாக இறங்கியபின் சேர்த்து, ஆவி வந்ததும் இறக்குங்கள். டீயோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கஞ்சியாகிவிடும்.

லாஸ்பேட்டை:

வீட்டில் சமாளித்துவிடலாம், வெளியேதான் சிக்கல். புதுச்சேரி பேக்கரிகளில் பக்கெத் என்கிற நீளமான பிரெஞ்சு ரொட்டி முறைப்படி மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும்தான். குரோசான், பிரியோஷ் இரண்டிலும் வெண்ணெய் உண்டு. பன்னில் பெரும்பாலும் பால்பவுடர் இருக்கும். ஓட்டலில் பொங்கலுக்கு நெய் என்பது தெரிந்ததுதான். ரவா தோசை மாவில் மோர், பரோட்டா மாவில் பால், தொட்டுக்கொள்ள வைக்கும் மோர்மிளகாய், இதையெல்லாம் கேட்காமல் விட்டால் தெரியாது. பாக்கெட்டில் 'மில்க் சாலிட்ஸ்', 'வே', 'கேசினேட்' என்று எது இருந்தாலும் பால்தான். 'நான் டெய்ரி' என்று எழுதிய கிரீமரில்கூட கேசினேட் இருக்கலாம்.

பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவருக்குக் கொஞ்சம் நெய் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், புளித்த தயிரும் சிலருக்குச் சரிப்படும். பால் புரத ஒவ்வாமை என்றால் நெய்யும் ஆகாது, ஆட்டுப்பாலும் ஆகாது. உங்களுக்கு எது என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு பிறகு சமையலை மாற்றுங்கள்.

நெல்லிக்குப்பம்:

சுண்ணாம்புச்சத்துக்கு என்ன வழி என்று எல்லோரும் கேட்பதால்: 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350. முருங்கைக்கீரை, எள்ளு, முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் கணக்கில் சேரும். முந்திரிப்பாலும் தேங்காய்ப்பாலும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கும் உதவாது. சைவம் சாப்பிடுபவர் பாலையும் விட்டால் பி12 கிடைக்க உணவில் வேறு வழி அநேகமாக இல்லை, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

கேழ்வரகுக் கூழ் தள்ளுவண்டியில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பல வண்டிகளில் காலையிலேயே பானையில் மோர் கலந்துவிடுவார்கள். கரைக்காத உருண்டையாகக் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் பழையசோற்று நீராகாரம் விட்டுக் கரைத்தால் புளிப்பு அதிலேயே வந்துவிடும். உப்பும் சின்ன வெங்காயமும் போதும்.