வயசுக்கு வந்ததுல இருந்து பொண்ணு என்கிட்ட பேசவே மாட்டேங்குறா, என்ன பண்றது?

திண்டுக்கல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரே பொண்ணு, 12 வயசு, ஏழாவது படிக்கிறா. நாலு மாசம் முன்னாடி வயசுக்கு வந்தா. அதுவரைக்கும் வீட்ல நானும் அவளும்தான் கூட்டு. வீட்டுக்காரம்மாவுக்கு மில்லுல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், விடியறதுக்கு முன்னாடியே மில் பஸ் வந்துரும், அதனால யூகேஜில இருந்தே அவளுக்கு ரெட்டை ஜடை போட்டு விடுறது நான்தான். எண்ணெய் வச்சு வகிடு எடுத்து ரிப்பன மடிச்சுக் கட்டுற அந்த பதினஞ்சு நிமிஷத்துலதான் ஸ்கூல் கதை பூரா வரும், யாரு யாரோட டூ விட்டா, எந்த டீச்சர் திட்டுனாங்க எல்லாம்.

சடங்கு முடிஞ்ச அன்னைக்கே எங்கம்மா சொல்லிட்டாங்க, இனிமே பொம்பளப்புள்ள தலையில நீ கைய வைக்காதன்னு. நானும் சரின்னுட்டேன். இப்ப அப்பத்தாதான் ஜடை போடுறாங்க. ஞாயித்துக்கெழம கறிக்கடைக்கு என்கூட வண்டியில வருவா, அதுவும் நின்னுபோச்சு. தெருவுல பசங்களோட ஷட்டில் ஆடுவா, அத அவங்கம்மா நிறுத்திட்டாங்க. ஸ்கூல் விட்டு வந்தா ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிறா, கூப்பிட்டா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே "என்னப்பா"ங்குறா. போன வாரம் டிபன் பாக்ஸ ஏன் கழுவப் போடலன்னு கேட்டதுக்கு அப்படி ஒரு அழுகை. மார்க் குறையல, தனியா போனும் கிடையாது. இந்த வயசுல இப்படித்தான்னு விட்டுர்றதா, இல்ல டாக்டர்கிட்ட காட்டணுமா? ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது எனக்கு.

நர்ஸ் அக்கா:
தம்பி, நான் 22 வருஷமா ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பாக்குறேன். மொதல்ல பயத்த விடுங்க. இந்த வயசுல மூளையில உணர்ச்சிய கிளப்பி விடுற பகுதி சீக்கிரம் வேகம் எடுத்துரும், அத நிதானிச்சு பிடிச்சு நிறுத்துற முன்பகுதி முழுசா வளர 25 வயசு கிட்ட ஆகும். அதனாலதான் டிபன் பாக்ஸுக்கு அம்புட்டு அழுகை, அது நடிப்பு இல்ல, அந்த நேரத்துக்கு அவளுக்கு அது நெஜமாவே பெரிய விஷயம். தூக்கமும் இந்த வயசுல தள்ளிப்போகும், ராத்திரி சீக்கிரம் கண்ணு சொக்காது, காலையில எழுப்பினா எரிச்சல் வரும். 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரமாவது தூங்கணும், அத மட்டும் பாத்துக்கங்க.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்னா, ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல, ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா, பிடிச்ச எதுவுமே பிடிக்கல, இப்படி இருந்தா போகணும். கையில கிழிச்ச காயம் தெரிஞ்சாலும் சரி, செத்துரலாம் போல இருக்குன்னு ஒரு வார்த்தை விட்டாலும் சரி, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர், காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அப்பாவும் கூப்பிடலாம், புள்ளைதான் பேசணும்னு இல்ல.

இன்னொன்னு கேக்குறேன் தப்பா எடுக்காதீங்க. நாப்கின் யாரு வாங்குறாங்க வீட்ல?

திண்டுக்கல்காரன்:
ரொம்ப நன்றிக்கா. நீங்க சொன்ன மாதிரி எதுவும் இல்ல, சாப்பிடுறா, ஸ்கூல் போறா. நாப்கின் அவங்கம்மாதான் வாங்குவாங்க, பேப்பர்ல சுத்தி பீரோவுல வச்சிருவாங்க. நான் அந்தப் பேச்சுலயே இருக்குறதில்ல.

காலேஜ் பொண்ணு:
அண்ணா இத படிச்சதும் எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. எனக்கும் மண்டபத்துல வச்சு பெருசா பண்ணாங்க, தாய்மாமா சீர், பட்டுப்பாவாடை எல்லாம் ஆசையாத்தான் இருந்துச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா முக்குல என் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் வச்சாங்க, என் கிளாஸ் பசங்க அந்த வழியாத்தான் ட்யூஷன் போவாங்க. திங்கக்கெழம கிளாஸுக்குள்ள நுழையும்போது பின் பெஞ்சுல கிசுகிசுன்னு ஒரு சிரிப்பு கேட்டுச்சு பாருங்க, இன்னைக்கும் காதுல இருக்கு. அத வீட்ல யாருகிட்டயும் சொல்லல. அப்பாகிட்ட சொல்லியிருப்பேன், ஆனா அவரு அந்த பதினாறு நாளும் நான் உக்காந்திருந்த பக்கமே வரல, அதுக்கப்புறமும் ஏதோ விருந்தாளிகிட்ட பேசுற மாதிரியே பேசினாரு. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலன்னுதான் ரொம்ப நாள் நெனச்சேன். உங்க வீட்ல பேனர் வச்சீங்களாண்ணா?

திண்டுக்கல்காரன்:
வச்சோம்மா. மச்சான் ரெண்டு வச்சாரு, ஒண்ணு ஸ்கூல் போற ரோட்டுல. அத ஒரு வாரம் கழிச்சுத்தான் எடுத்தோம்.

முகவை முத்து:
சடங்கையே குத்தம் சொல்லிராதீங்கய்யா. எங்க ஊர்ல தாய்மாமன் பச்சை ஓலையில குடிசை கட்டுவாரு, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் குடுத்து ஒடம்ப தேத்துவாங்க, ஊரு சனம் மொத்தமும் ஒரு புள்ளைக்காக கூடும், அது ஒரு பலம். பேனர் நேத்து வந்த பழக்கம், அது வேணாம்னா வேண்டாம். ஆனா சொந்தபந்தத்த விட்டுராதீங்க.

எட்டாம் கிளாஸ் டீச்சர்:
முத்து ஐயா சொல்றதும் நியாயந்தான். ஆனா அந்தக் காலத்துல பாத்தது சொந்தக்காரங்க மட்டும், இப்ப பாக்குறது கூட படிக்கிற பசங்க. பி.எட்ல இதெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணோம், கிளாஸுக்குள்ள வந்தப்பதான் புரிஞ்சுது. 1967ல டேவிட் எல்கைண்ட்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் எழுதினாரு, இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு எப்பவும் எல்லாரும் நம்மளையே பாக்குறாங்கன்னு ஒரு நெனப்பு இருக்கும், மூஞ்சியில ஒரு பரு வந்தா ஊரே பாக்குதுன்னு தோணும்னு. சாதாரண நாள்லயே அப்படி இருக்குற புள்ளைய, நாம ஃப்ளெக்ஸ் அடிச்சு நெஜமாவே ஊரப் பாக்க வச்சுட்டோம். கதவ சாத்தாம என்ன செய்வா?

கதவு சாத்துறது மட்டும் தப்பே இல்ல சார். நான் யாரு, எனக்கு என்ன பிடிக்கும்னு தேடுற வயசு இது, அதுக்கு தனியா ஒரு இடம் வேணும், தட்டிட்டு உள்ள போங்க. எனக்கு வருத்தமா இருக்குறது வேற. ஒரே வாரத்துல அவ ஜடை போச்சு, வண்டி போச்சு, ஷட்டில் போச்சு, ஷட்டிலோட சேந்து அஞ்சாறு ஃப்ரெண்ட்ஸ் போச்சு. சண்ட போட்டு சமாதானம் ஆகுறதெல்லாம் பிள்ளைங்க கத்துக்குறது அந்த மாதிரி விளையாட்டுலதான். அவ ஒதுங்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. எனக்குப் படிச்சா நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல பின்னாடி தள்ளி நின்ன மாதிரிதான் தெரியுது. ஷட்டில் பேட்ட எடுத்து வாசல்ல வைங்க மொதல்ல. அம்மாகிட்ட நீங்க பேசுங்க.

நர்ஸ் அக்கா:
டீச்சர் சொன்னதேதான் தம்பி. நாப்கின நீங்களே ஒரு தடவ மெடிக்கல்ல வாங்கி, பேஸ்ட் சோப்போட சேத்து சாதாரணமா வைங்க, ஒண்ணும் பேச வேணாம். கம்மி செலவுல நாப்கின் செய்ற சின்ன மெஷின கண்டுபிடிச்சதே கோயம்புத்தூர் முருகானந்தம்தான், பத்மஸ்ரீ வாங்கினவரு, அவரும் ஆம்பளதானே. ஜடை விஷயத்த அப்பத்தா முடிவு பண்ண வேணாம், நீங்களும் முடிவு பண்ண வேணாம், அவகிட்ட கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்ருங்க.

திண்டுக்கல்காரன்:
ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கங்க. எங்கம்மாகிட்ட பேசினேன், கொஞ்சம் கோவப்பட்டாங்க. வீட்டுக்காரம்மா ஷட்டிலுக்கு சரின்னுட்டாங்க, ஆறு மணிக்குள்ள வந்துரணும்னு. சனிக்கெழம ரெண்டு பேரும் ஆடினோம், பாதியில பக்கத்து வீட்டு பசங்க வந்துட்டாங்க, நான் பேட்ட குடுத்துட்டு திண்ணையில உக்காந்துக்கிட்டேன்.

பேனர் வச்சதுக்கு ஸாரிம்மான்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லல, தலைய குனிஞ்சுக்கிட்டா. ஜடை போட்டு விடவான்னு கேட்டதுக்கு வேணாம்ப்பா, நானே போட்டுக்குறேன்னுட்டா. மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அக்கா சொன்னதால பேசாம இருந்தேன். இன்னைக்குக் காலையில அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து திரும்பி நின்னு, "அப்பா, வகிடு கோணலா இருக்கா பாருங்க"ன்னா. கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு. சீப்ப வாங்கி நேரா எடுத்து விட்டேன். நின்னுக்கிட்டே மேத்ஸ் டீச்சர் மாறிட்டாங்கன்னு சொன்னா, தோசை ஒண்ணு கருகிப்போச்சு.