மறு: பைண்ட்வீட் – கட்டுக்கொடியா, மானடிக்கொடியா?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களுக்கும் வணக்கம். பைண்ட்வீட் (bindweed) என்ற களைக்கொடிக்குத் தமிழில் ‘மானடிக்கொடி’ என்று நான் முன்வைத்த பெயரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> பைண்ட் என்றால் கட்டுதல். சுற்றிக் கட்டிப் படரும் களைக்குக் ‘கட்டுக்கொடி’ என்று வைத்தால் போதுமே?

பொருள் பொருந்துகிறது ஐயா. ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்கு உரியது. இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்து வைத்தால் கூழாக உறையுமே, சித்த மருத்துவத்தில் வரும் அந்தக் கட்டுக்கொடி. குடும்பமே வேறு. மூலிகையின் பெயரைக் களைக்கும் வைத்தால், பெயரை நம்பிப் பறிக்கப்போகிறவர் ஏமாந்துபோவார்.

டென்வரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு கோடையாக இந்தக் களையோடு மல்லுக்கட்டுகிறேன். இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். வெள்ளை வேர் ஒடிந்து மண்ணுக்குள் தங்கிவிடும். விரல் நீளத் துண்டு போதும், மறுபடி துளிர்க்க. வேர் 6 மீட்டர் ஆழம்வரை போகும், விதை மண்ணுக்குள் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால்தான் களையை முதலிலேயே சரியாக அடையாளம் காண்பது முக்கியம் என்கிறேன். பெயரும் அதற்குக் கைகொடுக்க வேண்டும். சுற்றிப் படர்வது எல்லாக் கொடிக்கும் பொது, அதை வைத்து எதைப் பிரித்தறிவது?

பக்கத்து வீட்டு அரியானாக்காரர் என் வேலியைப் பார்த்ததுமே “ஹிரண்குரி” என்றார். கோதுமை வயலில் அவர்களுக்கு இது பழைய எதிரி. ஹிரண் என்றால் மான், குர் என்றால் குளம்பு. இலையைக் கையில் வைத்துப் பார்த்தேன். அம்புமுனை போன்ற இலை, காம்படியில் இரண்டாகப் பிளந்து, மான் குளம்பேதான். அங்கிருந்துதான் ‘மானடிக்கொடி’ வந்தது.

> மானடி என்றால் அடும்பு நினைவுக்கு வராதா?

வரும், வரட்டும். குறுந்தொகையின் 243ஆம் பாட்டு, கடற்கரையில் படரும் கொடியான அடும்பின் கவட்டிலையை (பிளவுபட்ட இலையை) மானடிக்குத்தான் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அந்த நினைவு நமக்கு உதவியே செய்யும். அங்கே மானடி உவமை மட்டும்தான். கடற்கரையில் யாரும் அதை மானடி என்று கூப்பிடுவதில்லை, அடம்பு, அடப்பங்கொடி என்கிறார்கள். பிளவும் இடம் மாறியிருக்கிறது: அடும்புக்கு இலை நுனியில், இதற்குக் காம்படியில்.

இதோடு குழம்பும் மற்ற இரண்டுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடலாம் என்பது என் விருப்பம். நாம் பேசும் இந்தக் களை, கன்வால்வுலஸ் ஆர்வென்சிஸ், ‘வயல் மானடி’. கேலிஸ்டீஜியா சீப்பியம் ‘வேலி மானடி’. லத்தீனிலும் ஆர்வென்சிஸ் வயலையும் சீப்பியம் வேலியையும்தான் குறிக்கின்றன. வெறும் ‘வேலிக்கொடி’ வேண்டாம், வேலிப்பருத்தி குறுக்கே வரும். இரண்டுமே புனல் போலப் பூக்கும். பூவின் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும்: வேலி மானடியில் பெரிய பூவடிச்செதில் இரண்டு புல்லிவட்டத்தையே மூடியிருக்கும். வயல் மானடியில் அவை மிகச் சிறியவை, பூவுக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே காம்பிலேயே நின்றுவிடும். பூவும் சிறியது, வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு.

மூன்றாவது ஃபாலோப்பியா கன்வால்வுலஸ். இலை ஏமாற்றும், ஆனால் இது பக்வீட் என்ற தானியச் செடியின் உறவு. ஓராண்டுச் செடி, பிடுங்கினால் போய்விடும். பூ பச்சையாகப் பொடிப்பொடியாக இருக்கும். கணுவில் தண்டைச் சுற்றி மெல்லிய சவ்வுறை உண்டு, அதனால் ‘கணுவுறைக்கொடி’. இதற்கு மட்டும் மானடி என்ற சொல் ஒட்டவே கூடாது. இதைப் பல்லாண்டுக் களை என்று நினைத்து மருந்தடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

> பொதுமக்கள் வாயில் நுழையுமா?

‘மானடி’ மூன்றே எழுத்து ஐயா. வட இந்தியக் கோதுமை வயலில் வேலை பார்த்த நம்மவர் யாராவது இதைத் தமிழில் வேறு பெயரிட்டுப் பேசியிருந்தால் எழுதுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் முதலில் நிற்கட்டும், என்னுடையது பின்னால் போகட்டும்.