நைனாவோட ஈறு வீக்கத்துக்கு மூலிகை, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். எங்க ஊர் குடியாத்தம் பக்கம். நைனாவுக்கு 74 வயசு, சர்க்கரை இருக்கு, இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுறார். பல் விளக்கினாலே ஈறுல ரத்தம், கீழ்ப்பல் ரெண்டு ஆடுது. பல்லுல படிஞ்சிருக்கிற காறையை எடுக்க அடுத்த வாரம் பல் டாக்டர்கிட்ட போறோம். கெட்டியான காறை எந்தப் பொடிக்கும் கரையாதுன்னு தெரியும், அதனால "டாக்டரைப் பாருங்க"ன்னு மட்டும் எழுதிடாதீங்க!

அதுக்கப்புறம் வீட்ல என்ன செய்யலாம்னுதான் கேக்குறேன். அவர் "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு வேப்பங்குச்சியை விடமாட்டேங்கிறார். வீங்கின ஈறுல குச்சி குத்தி ரத்தம் இன்னும் கூடுது. வேலூர் லாங் பஜார்ல நாட்டு மருந்துக் கடையில திரிபலா சூரணம் வாங்கியிருக்கேன். கடுக்காய், நெல்லி, தான்றி மூணுமே துவர்ப்பு, கொப்பளிச்சா ஈறு இறுகும்னாங்க. கஷாயமா காய்ச்சணுமா, இல்ல வெந்நீர்ல ஊறவச்சு வடிகட்டினா போதுமா? கிராம்பு எண்ணெயை அப்படியே தடவச் சொல்றாங்க. புண்ணாக்கிடும்னு எனக்குப் பயம். ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க இதைத் தொடலாமா?

மாசிக்காய்ப் பொடி போட்டவங்க, பல்லுல கறை பிடிச்சுதான்னு சொல்லுங்க. வயசானவங்களைப் பொறுமையா பார்க்கிற சித்த மருத்துவர் வேலூர்ல இருந்தாலும் சொல்லுங்க.