வாசிப்பு வட்டம், மூன்றாவது தெரு

மீனா: ஞாயித்துக்கிழமைக்கு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அறிமுகம் ரெடி. “பள்ளிக்கூட வாசனையே அறியாத உழவர்”னு ஆரம்பிக்குது. சரிதானே மாமா?

சேகர் மாமா: அந்த வரியை எடுத்துடும்மா. 1786 டிசம்பர்ல நாவலாசிரியர் ஹென்றி மெக்கன்ஸி அவரைப் பத்தி ‘வானம் கத்துக்கொடுத்த உழவன்’னு எழுதினார். அதுல கிளம்பினது இந்தக் கதை. ஏர் பிடிச்சது நிஜம், படிக்காதவர்ங்கிறது சுத்தப் பொய். சின்ன வயசுலயே ரோமை எதிர்த்த தளபதி ஹானிபாலோட வரலாறு படிச்சார், வாத்தியார் மர்டாக் கொடுத்தது. அப்புறம் ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸ் கதை, குதிரைக்கு லாடம் அடிக்கிற கொல்லர்கிட்ட இரவல்.

உஷா அத்தை: வேடிக்கை கேளு. அதே மெக்கன்ஸியோட ‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’ நாவலைத்தான் பர்ன்ஸ் பைபிளுக்கு அடுத்தபடியா வச்சிருந்தார். ரெண்டு பிரதி தேய்ஞ்சே போச்சு!

மீனா: 😄 ஐயோ. நூலகம் நடத்தினார்னு ஒரு வரி போட்டிருக்கேன், அதுவாவது சரியா?

சேகர் மாமா: சரி, ஆனா விவரம் சேர்த்துக்கோ. எல்லிஸ்லேண்ட் பண்ணையில இருந்தப்போ பக்கத்து நிலக்கிழார் ராபர்ட் ரிடலோட சேர்ந்து குத்தகை விவசாயிகளுக்காக ஆரம்பிச்சது. சேரும்போது 5 ஷில்லிங், நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டம், அதுக்கு 6 பென்ஸ். மூணு வருஷம் முடிஞ்சா புத்தகங்களை உறுப்பினர்களுக்குள்ளேயே ஏலம் விடணும்ங்கிறது ஒப்பந்தம். 150 புத்தகத்துக்கு மேல சேர்ந்துது. கணக்கும் அவர்தான், நூலகரும் அவர்தான்.

பாலு: ‘சுண்டெலிக்கு’ கவிதையை நான்தான் வாசிக்கணும். ஓசை உதைக்குதே?

உஷா அத்தை: ஒவ்வொரு பத்தியும் ஆறு அடி. 1, 2, 3, 5 நீளம். 4, 6 குட்டை. நீள அடிகளோட இயைபு: பீஸ்ட்டி, பிரீஸ்ட்டி, ஹேஸ்ட்டி, சேஸ் தீ. கடைசியை ரெண்டு சொல்லா நிறுத்திப் படிச்சா இயைபு போச்சு. ஒரே மூச்சுல ‘சேஸ்தீ’. குட்டை அடிங்க பிராட்டில், பேட்டில். பேட்டில்னா கலப்பையில ஒட்டின மண்ணைச் சுரண்டுற கோல். ‘பாட்டில்’னு படிச்சுத் தொலைக்காதே.

பாலு: 🙏 எந்தப் பதிப்பைப் பார்க்கலாம்?

சேகர் மாமா: அவரோட முதல் புத்தகம், 1786 கில்மார்னாக் பதிப்பு. அந்தப் பாடம் நம்பலாம். மொத்தமே 612 பிரதி, விலை 3 ஷில்லிங். ஹாக்கிஸ்ங்கிற ஆட்டுக்குடல் பதார்த்தத்தைப் பத்தின பாட்டு அதுல கிடையாது, 1787 எடின்பரோ பதிப்புல வருது. அங்கேதான் ஜாக்கிரதை. தண்ணியா ஓடுற சாப்பாடு ஸ்காட்லாந்துக்கு வேணாம்னு பர்ன்ஸ் எழுதினார், தண்ணியா ஓடுறதுக்கு அவர் போட்ட சொல் ‘ஸ்கின்கிங்’. சில பிரதிகள்ல ‘ஸ்டின்கிங்’னு அச்சாகி, நாத்தம் பிடிச்ச சாப்பாடு வேணாம்னு ஆயிடுச்சு 😂