புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் துப்பாக்கி (அடியில் உள்ள லீவரை, அதாவது நெம்புகோலை, இயக்கித் தோட்டா ஏற்றும் வகை) எந்த மாடல், என்ன விலை பெறும் என்று கேட்டிருந்தேன். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாடல்தான், சந்தேகமே இல்லை! தோட்டாவை மேலே தூக்கும் பித்தளைத் துண்டு, நகரும் தூசி மூடி, 44-40 என்ற வகைத் தோட்டா எல்லாம் பொருந்துகின்றன. வரிசை எண் லீவருக்குப் பின்னால் அடிப்பக்கம் இருந்தது. அந்த எண்ணை அனுப்பி, வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்திலிருந்து தொழிற்சாலைப் பதிவின் நகல் வாங்கினோம். எண்கோணக் குழல் அசல்தான் என்று உறுதியானது. 1898-க்குள் செய்யப்பட்டது என்பதால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இது பழம்பொருள்.

அப்புறம் விலை. அது பழைய நீலப்பூச்சு (துருப்பிடிக்காமல் இருக்க உலோகத்துக்குக் கொடுக்கும் கருநீல மேற்பூச்சு) எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்ததாம். தயவுசெய்து யாரும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், மதிப்பு பாதியாகக்கூடக் குறையலாம். பெரியவர் பேத்திக்கே கொடுக்கப்போகிறார். எனக்கு ரொம்ப சந்தோஷம்.