மறு: ஸ்டிஃப்னருக்குத் தமிழ் – ‘விறைப்பி’ வேண்டாமே

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். அஞ்சலில் அனுப்பும் படம் மடங்காமலிருக்க உறைக்குள் வைக்கும் அட்டைதான் ஸ்டிஃப்னர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் எழுதியிருந்தது:

> ஸ்டிஃப் என்றால் விறைப்பு. ஆகவே ஸ்டிஃப்னர் = விறைப்பி. இயக்கி, உணரி போல ‘இ’ விகுதி சேர்த்தால் வேலை முடிந்தது.

இலக்கணம் சரிதான் ஐயா. ஆனால் அந்தச் சொல்லை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எனக்கு வார இதழ்களின் பின்பக்க வைத்தியர் விளம்பரம்தான் கண்முன் வருகிறது. படத்தோடு உறைக்குள் போகிற ஓர் அட்டைக்கு இந்தச் சங்கடம் எதற்கு?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய குடும்பப் படங்களை மறுபடி அச்சிட்டு உறவினர்களுக்கு அனுப்புவது எனக்கு வழக்கம். போன வருடம் மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் சின்னம்மாவுக்குத் தாத்தாவின் படம் அனுப்பினேன், எட்டுக்குப் பத்து அங்குலம். முன்னும் பின்னும் கார்ட்போர்டு வைத்துத்தான் அனுப்பினேன். நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது: “தாத்தா மீசை ரெண்டாப் போச்சுடா.” படத்தின் நட்டநடுவில், மேலிருந்து கீழாக ஒரே நேர்கோடாக மடிப்பு.

வழியில் யார் மடக்கினார்களோ, தெரியாது. ஆனால் மடங்கவிட்டது நான்தான். கார்ட்போர்டை வெட்டிய ஓரத்தில் உற்றுப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே ஒரு நெளிதாள் ஓடும். அந்த நெளிவுகள் வரிசையாக அடுக்கிய மெல்லிய குழாய்கள் மாதிரி. குழாய்க்குக் குறுக்கே மடக்கப் பலம் வேண்டும். குழாய் ஓடுகிற வாக்கிலோ கட்டைவிரலால் அழுத்தினாலே மடங்கிவிடும். நான் வைத்த இரண்டு அட்டையிலும் நெளிவு ஒரே வாக்கில் ஓடியிருக்கிறது. ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வைத்திருந்தால் ஒன்றின் பலவீனத்தை மற்றது தாங்கியிருக்கும்.

ஆக, நமக்குப் பெயர் வேண்டியது இரண்டுக்கு: அட்டைக்கு ஒன்று, அதை வைக்கும் விதத்துக்கு ஒன்று. ‘விறைப்பி’ இரண்டையும் சொல்லவில்லை. அட்டை வைத்தாலே விறைப்பு வந்துவிடாது என்பதற்குத் தாத்தா மீசையே சாட்சி.

அட்டைக்கு என் பரிந்துரை மடங்கா அட்டை. ‘வளையா அட்டை’ என்றும் யோசித்தேன். ஆனால் அட்டை கொஞ்சம் வளைந்து நிமிர்ந்தால் படத்துக்குப் பெரிய கேடில்லை, மடங்கினால்தான் கோடு விழும். ‘மடியா’ என்றால் வேட்டி, புடவை நினைவு வருகிறது. அப்புறம் ‘மடிதல்’ என்றால் சாவதும்தானே. ‘மடங்கா அட்டை’க்குக் குழுவில் ஒருவர் சொன்ன மறுப்பு:

> இது பெயர் அல்ல, வருணனை.

வாடாமல்லியும் வருணனைதான், அணையா விளக்கும் அப்படித்தான். புழங்கப் புழங்கப் பெயராகிவிட்டன. ‘இணையம்’ என்ற சொல் பிறந்த சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லைத் தந்த நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இன்டர், நெட் என்று பிய்த்துப் பிய்த்துப் பெயர்க்கவில்லை. அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்தார், ‘இணை’ என்ற வேரை எடுத்தார்.

நெடுக்கும் குறுக்குமாக வைப்பதற்கு, தறியில் அப்படி ஓடும் நூல்களைச் சொல்லும் ‘ஊடுபாவு’. “அட்டைகளை ஊடுபாவாக வை” என்றால் ஒரே சொல்லில் செய்முறையும் வந்துவிடுகிறது. இலக்கிய விமரிசகர்கள் அந்தச் சொல்லை அடித்துத் துவைத்துவிட்டார்கள் என்பது உண்மை. தறியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நாம் அவர்களிடமிருந்து மீட்டு அஞ்சல் உறைக்குள் வைப்போம்.

இனி, படங்களுக்கு நடுவே வைக்கும் இடைத்தாள். இதில் யாருக்கும் சண்டையில்லை என்று தெரிகிறது. ஆனால் “ஏதோ ஒரு மெல்லிய தாள்” என்று விளக்கம் எழுதியிருப்பது போதாது. ரசாயனத்தில் கழுவி எடுக்கும் படத்தாளின் மேற்பூச்சு ஜெலட்டின். அது ஈரத்தை உறிஞ்சி உப்பும், பிசுபிசுக்கும். நம்மூர்க் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கேமராவையே உலர்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறோம். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அனுப்பினால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒருவர் கன்னம் இன்னொருவர் சட்டையோடு வந்துவிடும். ஆகவே விளக்கத்தில் “படப்பரப்பில் ஒட்டாத, அமிலமற்ற, வழுவழுப்பான தாள்” என்று இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை என்றால் பாலிப்ரொப்பிலின் அல்லது பாலியெஸ்டர் என்று குறிப்பிடுங்கள், பிவிசி ஆகாது. இங்க்ஜெட் படமாக இருந்தால் அச்சிட்டு ஒரு நாளாவது காயவிட்ட பிறகே உறையில் போட வேண்டும், இல்லாவிட்டால் மையின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

போட்டோ கார்னருக்கு ‘மூலைப்பை’ போதும். பழைய ஆல்பம் பார்த்த யாருக்கும் புரியும். படத்தை அட்டையோடு பிடித்துவைக்க அதுதான் சரி. டேப்பைப் படத்தின்மேல் ஒட்டுபவர்களுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறேன், குழுவில் எழுத முடியாது.

(புகைப்படமா ஒளிப்படமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அதனால்தான் மடல் முழுக்கப் ‘படம்’ என்றே ஓட்டியிருக்கிறேன்.)

நேற்று ஒரு சோதனை செய்தேன். அக்கா மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். “படத்தின் இருபுறமும் விறைப்பி வை” என்று ஒரு சீட்டு கொடுத்தேன். “மாமா, இது மருந்தா?” என்றாள். அடுத்த சீட்டில் “இரண்டு மடங்கா அட்டைகளை ஊடுபாவாக வை” என்று எழுதினேன். அட்டையை உடனே எடுத்துவிட்டாள். ‘ஊடுபாவு’தான் என்னவென்று கேட்டாள். கட்டிலில் கிடந்த கைத்தறித் துண்டின் நூலைக் காட்டினேன். அப்புறம் அவளே ஓரத்தில் நெளிவைப் பார்த்து, ஓர் அட்டையைத் திருப்பி வைத்தாள்.

முடித்ததும் அவள் கேட்டது: “பெரிய படத்தைச் சுருட்டி அனுப்புற குழாய்க்கு என்ன பேரு?” அஞ்சற்குழல் என்று சொல்லிவைத்தேன். எனக்கே அதில் திருப்தியில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.